செடிக்கு எரிகிற பல்பு

நாலு செடி போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் ஒன்றுதான், வெள்ளைப் பூ பூக்கும் லில்லி. அதுவும் இரண்டு வருஷமாக இலையை மட்டும் காட்டி ஏமாற்றிவிட்டு, இப்போதுதான் ஒரு மொட்டு விட்டிருந்தது. இதையும் பறிகொடுத்தால் தொட்டி, உரம், பலகை எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவதென்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

செடி வைக்க வேறு இடமே இல்லையா என்று கேட்டால், இல்லை. அந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மூக்கில் இடிக்கும். குளியலறையில்தான் ஒரு பலகை அடிக்க இடம் இருந்தது. அங்கே ஈரம் உண்டு, வெளிச்சம்தான் கிடையாது. மேலே ஒரு சாண் கண்ணாடி வழியாக வருவதை வெளிச்சம் என்று சொல்வதற்கே மனசு வராது. ஆகவே செடிக்கென்றே ஒரு பல்பு வாங்கி மாட்டினாள். காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது, சாயங்காலம் வந்து அணைப்பது என்று ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டவர் அப்பா. இவள் தம்பி வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு இங்கே வந்து சேர்ந்த நாள் முதல், எரிகிற விளக்கைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் தேய்த்துவிட்டு, இடுப்பு ஒடிந்து இவள் வீடு திரும்பினால் குளியலறை கும்மிருட்டாகக் கிடக்கும். செடிக்காகத்தான் எரிகிறது என்று சொல்லிப் பார்த்தாள், தலையாட்டினார். ஸ்விட்சின் மேல் காகிதம் ஒட்டினாள். காகிதம் கிழியாமல் பக்குவமாக அணைத்திருந்தார். ஆள் இல்லாத இடத்தில் விளக்கு எதற்கு என்பது அவர் கட்சி. உள்ளே செடி இருக்கிறதே என்றால், அது என்ன பேப்பரா படிக்கப்போகிறது என்றார். வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

ஒருநாள் வந்து பார்த்தால் மொட்டு விரியாமல் அப்படியே நின்றது, அடியில் இன்னும் இரண்டு இலை பழுத்திருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். நாலு செடியைக் கொன்றது போதாதா, இந்த வீட்டில் எனக்கென்று ஒன்று இருக்கக் கூடாதா என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தம்பி வீட்டுல கரண்ட் பில் வந்தாலே எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்கம்மா," என்றார். "இங்கயும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான்."

அவள் செருப்பைக் கழற்றினாள். கோபம் போகவில்லை; அது தம்பி பக்கம் திரும்பிக்கொண்டது. இங்கே பில்லைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை, பல்பை மட்டும் தொடாதீர்கள் என்று குரலை இறக்கிச் சொன்னாள். சரி என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அதற்கப்புறம் அவள் எப்போது வந்தாலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. மொட்டு மெல்ல வாய் திறந்தது. நல்ல குளிர்காலத்தில் பூக்கிறதே என்று அவளுக்கு ஒரே பெருமை. கடையில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

வழக்கமாக அவர் குளிப்பதற்கு முன்பே அவள் கிளம்பிவிடுவாள். விடுமுறை நாளில்தான் பார்த்தாள். குளித்துவிட்டு வெளியே வந்தவருக்குப் பல் கிட்டித்துப்போயிருந்தது. உடம்பு வெடவெடவென்று ஆடியது. உள்ளே ஓடி வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டாள். விரல் விறைத்தது.

"ஹீட்டர் கெட்டுப்போச்சாப்பா?"

"அது நல்லாத்தான் இருக்கு." துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார். "பல்பு எரியுதில்ல, அதுக்கு இது சரியாப் போயிடும்."

அவள் போய் ஹீட்டர் ஸ்விட்சைத் தட்டினாள். பின்னாலேயே வந்த அப்பா அதை அணைக்கக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை.