பதினொன்றேகால் மணித் திருட்டு

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் துணி வெட்டுவது அவள் வேலை. எல்லோரும் மாஸ்டரம்மா என்று கூப்பிடுவார்கள். அறுபது மடிப்பை ஒன்றாக அடுக்கி வெட்டினாலும் அவள் கையில் ஒரு நூல் பிசகாது. அப்படிப்பட்ட கைக்காரிக்குத் தன் உடம்பை மட்டும் சும்மா விட மனம் வரவில்லை. பதினான்கு வருடமாக அதையும் சிறிதாக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சோற்றை விட்டாள். பிறகு சோற்றோடு சமாதானமாகி எண்ணெயைப் பகைத்துக்கொண்டாள். ஒரு வருடம் முழுக்க முட்டையின் வெள்ளைக்கரு மட்டும். மஞ்சள்கரு என்ன பாவம் செய்ததோ, அது லிஃப்ட் மெக்கானிக்கான கணவனின் தட்டுக்குப் போனது. அத்தனையும் தின்றுவிட்டு அந்த மனிதன் ஒட்டடைக்குச்சி மாதிரியே நடமாடியது அவளுக்குத் தனி எரிச்சல். ஒவ்வொரு முறையும் நான்கு கிலோ போகும். போனது சும்மா வராமல் துணைக்கு இன்னொன்றையும் அழைத்துக்கொண்டு ஐந்தாகத் திரும்பும். குற்றம் எப்போதும் அவளுடையதுதான். திட்டத்தைக் குறை சொல்ல முடியுமா? அதை அனுப்பியவள் நாத்தனார் ஆயிற்றே!

இந்த முறை நாத்தனார் அனுப்பியது ரொம்ப எளிது. மதியம் இரண்டு மணிவரை வெந்நீர். அதன் பிறகு வெள்ளரிக்காய். ராத்திரிக்கு, சாப்பிட்ட வெள்ளரிக்காயின் நினைவு.

மூன்றாம் நாள் அயர்ன் அண்ணனின் சாப்பாட்டு டப்பா பாதி காலியாக இருந்தது.

அயர்ன் அண்ணன், தைத்து வரும் சட்டைகளுக்கு இஸ்திரி போடுபவர். மனைவி வெளியூரில் வேலை பார்ப்பதால் தானே சமைத்துக் கொண்டுவருவார். சூடு ஆறாமல் இருக்க டப்பாவை நீராவிக் குழாய் பக்கத்தில் வைப்பார். பத்து மணிக்கெல்லாம் உருளைக்கிழங்கு வாசனை வெட்டு மேசைவரைக்கும் வந்து அவளைக் குசலம் விசாரிக்கும்.

"யாருய்யா என் டப்பால கை வச்சது?" என்று அவர் கத்தியபோது, அதிகமாகக் கொதித்தவள் மாஸ்டரம்மாதான்.

"உழைக்கிற மனுஷன் வயித்துல அடிக்கிறாங்களே, இவங்கல்லாம் நல்லா இருப்பாங்களா?"

விசாரிக்கும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். பட்டன் தைப்பவர்களைக் குடைந்தாள். காஜா மெஷின்காரியின் கண்ணில் கள்ளம் தெரிகிறது என்றாள். கடைசியில் பழி பூனைமேல் விழுந்தது.

"பூனை டப்பாவைத் தெறக்கும், சரி. திரும்ப மூடி வைக்குமா?" என்றார் அயர்ன் அண்ணன்.

"நல்லா வளர்த்த பூனையா இருக்கும்ணே" என்றாள், கூசாமல்.

தினமும் பதினொன்றேகாலுக்கு எல்லோரும் டீ குடிக்கக் கீழே இறங்குவார்கள். டீயில் சர்க்கரை இருப்பதால் ஒழுக்கசீலியான அவள் போகமாட்டாள். வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டே அண்ணன் டப்பாவிலிருந்து ஐந்தாறு கவளம் மெல்லாமல் விழுங்குவாள். உடனே வெட்கம் பிடுங்கித் தின்னும். அதற்குத் தண்டனையாக வெள்ளரிக்காயையும் விட்டுவிடுவாள். மறுநாள் பசி இரண்டு மடங்காகும். கவளமும் இரண்டு மடங்காகும்.

ஒன்பதாம் நாள், அயர்ன் பெட்டியை அணைக்க மறந்துபோன அண்ணன் பாதிப் படியில் திரும்பி வந்தார். அவள் இரண்டு கன்னமும் உப்பியிருந்தது.

"மொதல்ல முழுங்குங்க. விக்கிக்கப் போகுது" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவள் உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அஞ்சு நாளாத் தெரியும். நீங்க வெட்டின வெள்ளைக் காலர்ல மஞ்சளா விரல் ரேகை. சோப்புப் போட்டு எடுத்தவன் நான்தானே."

"ஏண்ணே சொல்லல?"

"சொல்லிட்டா அப்புறம் விசாரணையை யார் நடத்துறது?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்ல ஏதாவது கஷ்டமாம்மா?"

இல்லை, டயட் என்றாள். அவருக்குப் புரியவில்லை.

"வீட்ல அரிசி இருக்கா?"

"இருக்கு."

"சமைக்க ஆளு?"

"நான்தான்."

"பசிக்குதா?"

"உயிர் போகுதுண்ணே."

"அப்புறம் என்ன?"

பதினான்கு வருடத்தில் நாத்தனார்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

மறுநாள் அவளும் ஒரு டப்பா கொண்டுவந்தாள். சோறு, கீரை, முழு முட்டை. ஒரு மணிக்கு உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டாள். அன்றோடு ஞானம் வந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரம் பஞ்சத்தில் அடிபட்டவள் மாதிரிதான் தின்றாள். ஒரு சாயங்காலம் பிஸ்கட் பாக்கெட்டை முழுதாக முடித்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆனாலும் மறுநாள் டப்பா கட்டினாள். நாளைக்கும் சோறு உண்டு என்று வயிறு நம்புவதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது. நம்பிய பிறகு அது பறக்கவில்லை. ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் பாதியிலேயே போதும் என்று மூடியவள், தான் மூடியதைப் பார்த்துத் தானே அசந்துபோனாள்.

அந்த மாதக் கடைசியில் அயர்ன் அண்ணன் தன் உருளைக்கிழங்கில் கொஞ்சம் வைத்தார். நிதானமாக மென்றாள். கிழங்கு வேகவில்லை. உப்பு என்பது பேருக்குக்கூட இல்லை.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதையா நான் திருடினேன்?"

"நான் பட்டினி கிடந்தது மட்டும் அமிர்தத்துக்கா?" என்றார் அவர்.

அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வந்ததும் வராததுமாக மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன அண்ணி, சதை போட்டுட்டீங்களே?"

"ஆமா, ரெண்டு கிலோ. ஒரு மாசமா அப்படியே நிக்குது."

"வருத்தமா இல்லையா?"

"இருந்துச்சு. இப்ப பசிதான் இருக்கு. சாப்பிடப் போறேன், நீயும் வா."

நாத்தனார் பதறினாள். தனக்கு இது வெந்நீர் வாரம் என்றாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள். அண்ணி சோறு பிசைவதைப் பார்த்தபடி புதுத் திட்டத்தின் மகிமையை விளக்கிக்கொண்டே போனாள்.

"ஒரு வாய் மட்டும்" என்று நின்றபடியே கையை நீட்டினாள்.

"நின்னுக்கிட்டு வேண்டாம். உட்காரு" என்று மாஸ்டரம்மா எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்துவந்தாள்.