ரஞ்சித் பேரில் பறந்தவர்கள்

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே தொண்டூரில் அரிகிருஷ்ணனின் நெல் வயலோரம் குட்டியானை வண்டி வந்து நின்றுவிட்டது. இறங்கியதும் தமிழினி காற்றைத்தான் பார்த்தாள். ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவினாள், நேராக விழுந்தது. இந்தப் பக்கத்துப் பாறைக் குன்றுகள் வெயிலில் சூடேறிவிட்டால் காற்று யார் பேச்சையும் கேட்காது, மருந்தெல்லாம் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். வெறும் வயிற்றோடு அடித்துப் பிடித்து ஓடிவந்தது அந்தக் காற்றை முந்திக்கொள்ளத்தான்.

செல்லம்மாள் பேட்டரிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. கைக்குழந்தையைப் போல இடுப்பில் வைத்து, வரப்பில் வழுக்காமல் கொண்டுவந்து சேர்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வாளியில் மருந்தைக் கலக்கினாள். அந்த நெடி தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டால் மத்தியானச் சோறுகூடக் கசக்கும். கையுறை வாங்கித் தருவதாக முதலாளி பாண்டுரங்கன் சொல்லி இரண்டு சாகுபடிப் பட்டம் போய்விட்டது.

புது வயலில் இறக்கினால் மருந்தடிக்கும் டிரோனுக்குத் திசை பிடிபடாது. ஆளுக்கொரு பக்கம் தூக்கி, நின்ற இடத்திலேயே அதை ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். மூக்கைத் தரைக்குக் காட்டி இன்னொரு சுற்று. முதல் தடவை இதைப் பார்த்த களையெடுக்கிற பெண்கள், மெஷினுக்குத் திருஷ்டி கழிக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார்கள். வெறும் கையோடு சுற்றினால் கண் போகுமா என்று கேட்டு ஒருத்தி மடியிலிருந்து உப்பும் மிளகாயும் எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து தொண்டூரில் அது வழக்கமாகிவிட்டது. உப்புப் போடாமல் மெஷினைத் தூக்கினால் அரிகிருஷ்ணனுக்கே மனசு கேட்காது. தமிழினியும் மறுத்துப் பேசுவதில்லை. கீழே விழுந்தால் பழி தன் தலையில்தானே, உப்பும் இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள்.

கடைசியாக, மெஷினை இயக்கும் ஃபோன் கேட்கும், ஓட்டுவது யார் என்று. ரஞ்சித் என்ற பெயரைத் தொடவேண்டும்.

ரஞ்சித் பாண்டுரங்கனின் மகன். சென்னைக்குப் போய்ப் பயிற்சி முடித்து லைசென்ஸ் வாங்கியவன் அவன் ஒருவன்தான். ஊருக்கு வந்து ஆறு பேருக்குக் கற்றுக்கொடுத்தான், நன்றாகவே கற்றுக்கொடுத்தான். அப்புறம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய லைசென்ஸ் நம்பர் மட்டும் ஆறு ஃபோனிலும் இங்கேயே தங்கிவிட்டது. அங்கே அவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே தொண்டூரிலும் மேல்சித்தாமூரிலும் ஒரே சமயத்தில் மருந்தடித்துக்கொண்டிருப்பான். "நம்ம பைலட்டு எந்திரிச்சிட்டாரா?" என்று கூட ஓட்டும் செந்தமிழன் தினமும் கேட்பான், எல்லாரும் சிரிப்பார்கள். லைசென்ஸுக்கு அலைகிற அலைச்சல் மிச்சம் என்றுதான் அப்போது அவர்களுக்குத் தோன்றியது.

மெஷின் இரைந்து எழுந்தது. அதன் கீழே நெற்பயிர் இரண்டாகப் பிளந்து சாய்ந்து, அது கடந்ததும் நிமிர்ந்தது. மூலையில் பம்பு செட்டுக்குப் போகிற கரண்டுக் கம்பி தாழ்ந்து தொங்கியது. அந்த இடம் வரும்போதெல்லாம் தமிழினி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கட்டை விரல்கள் இரண்டும் மரத்துப்போயின. ஆனாலும் இந்த வேலை அவளுக்கு உயிர். அவளுடைய அம்மா நாகம்மாள் இதே வயல்களில் கைப்பம்பைச் சுமந்து மருந்தடித்து நெஞ்சு கெட்டுப்போனவள். அரிகிருஷ்ணனின் அப்பா காலத்தில் நாகம்மாளை ஏ புள்ள என்றுதான் கூப்பிடுவார்கள். அரிகிருஷ்ணன் தமிழினியை வாங்கம்மா என்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காகவே விடியற்காலையில் எழுந்து ஓடிவரலாம்.

வெயில் ஏறிக் காற்று கிளம்பியதும் மெஷினை மடக்கிவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். பக்கத்து வயலில் ஓட்டிக்கொண்டிருந்த செந்தமிழன் சாப்பிடாமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டப்படிப்பு முடித்தவன், இங்கிலீஷில் எது வந்தாலும் படித்துச் சொல்வது அவன் வேலை. அன்று வந்திருந்தது அரசாங்கத்தின் புதிய விதிகளின் வரைவு. டிரோன் ஓட்டும் ஒவ்வொருவரும் தன் பேரில் பதிவு செய்யவேண்டும், வருஷா வருஷம் கட்டணம் கட்டவேண்டும், எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டுகிற பரீட்சையிலும் தேறவேண்டும். சொந்தப் பேரில் போதுமான நேரம் பறக்கவிட்டவர்கள் நேரே பரீட்சைக்குப் போகலாம். மற்றவர்கள் பணம் கட்டிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முதலிலிருந்து படித்து வரவேண்டும். இன்னும் சட்டமாகவில்லை, ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுதலாம்.

"நாம எவ்ளோ நேரம் பறந்திருக்கோம்னு அந்த ஃபோனே சொல்லும் இல்ல?" என்றாள் தமிழினி.

"நாம எங்கக்கா பறந்தோம்? ரஞ்சித்துதான பறந்தாரு."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மூன்று வருஷம் வெயிலில் காய்ந்தது, மருந்து நெடியைக் குடித்தது, கம்பிக்குக் கம்பி மூச்சைப் பிடித்தது எல்லாம் மஸ்கட்டுக்காரன் கணக்கில் ஏறியிருந்தது. பயிற்சிப் பள்ளிக்குக் கட்டுகிற பணமோ, ஒரு வருஷக் கூலியைத் தின்னாமல் சேர்த்தாலும் எட்டாதது.

ஆறு பேரும் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ஷெட்டுக்குப் போனார்கள். பாண்டுரங்கன் உட்காரச் சொன்னார், யாரும் உட்காரவில்லை.

"சார், நாங்கதான் ஓட்டுனோம்னு நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்" என்றாள் தமிழினி. "யாரு ஓட்டுனாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதான் பிரச்சனையே." அவர் குரலை உயர்த்தவில்லை. "லைசென்ஸ் இல்லாத ஆளுங்கள ஓட்ட வுட்டேன்னு நானே எழுதிக் குடுக்கறதா? எம் புள்ள லைசென்ஸு பூடும். மெஷினத் தூக்கினு போயிடுவாங்க. உங்க ஆறு பேரு மேலயும் கேசு வரும். ஓட்டுனது குத்தம்தான?"

"ஓட்டச் சொன்னது யாரு சார்?" என்றான் செந்தமிழன்.

"வேல கேட்டு வந்தப்போ லைசென்ஸ் எங்கன்னு நான் கேக்கல. லைசென்ஸ் வேணாமா சார்னு நீ கேட்டியா?"

தனக்கும் சுமை ஏறப்போகிறது என்றார் பாண்டுரங்கன். மெஷின் ஒவ்வொன்றையும் பதிய வேண்டும், அதற்கும் கட்டணம், அதனால் அடுத்த மாதத்திலிருந்து ஏக்கர் கூலியைக் குறைக்கப்போவதாகச் சொன்னார். சட்டம் வந்துவிட்டால் சென்னையிலிருந்து லைசென்ஸ் பையன்களைக் கூட்டிவந்துவிடுவார். இவர்கள் வேண்டுமானால் பேட்டரி தூக்கலாம். செல்லம்மாளுக்கும் வயசாகிவிட்டதில்லையா என்று கேட்டார். வாசலில் பேட்டரி துடைத்துக்கொண்டிருந்த செல்லம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தாள்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் தமிழினியை அடித்துப் போட்டது. ஓட்டத் தெரியும் என்று நிரூபிக்கப் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓட்டவே தெரியாதவள் ஆகிவிடுவாள்.

மற்றவர்கள் போனபின் பாண்டுரங்கன் அவளை மட்டும் கூப்பிட்டார். அவளுக்கு மட்டும் பயிற்சிப் பணத்தைத் தானே கட்டுவதாகவும், கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். "அவங்ககூடச் சேந்து எங்கியும் எழுதிக் கிழுதி வக்காத. அதான் நான் கேக்கறது." அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். வீட்டில் நாகம்மாள் இருமலுக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டாள். ஒத்துக்கோ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் அரிகிருஷ்ணனிடம் போய்க் கேட்டுப் பார்த்தாள். தன் வயலில் ஓட்டியது இவள்தான் என்று அவர் ஒரு வார்த்தை எங்கேயாவது சொல்லமுடியுமா? நாளைக்குப் பாண்டுரங்கனிடம்தான் மெஷின் கேட்டுப் போகவேண்டும், என்னை வம்பில் இழுத்துவிடாதேம்மா என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. அவள் திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செஞ்சி நெல் விற்பனைக் கமிட்டியில் ஏலம் இல்லை. அடுக்கிவைத்த மூட்டைகளின் ஓரமாக அவர்கள் கூடினார்கள். அனந்தபுரத்திலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் ஓட்டுகிறவர்கள் வந்திருந்தார்கள். பேசப் பேசத்தான் தெரிந்தது, ஒவ்வொரு ஊரிலும் ஒரு ரஞ்சித் இருக்கிறான். மேல்சித்தாமூரில் அங்கிருக்கும் இன்னொரு முதலாளியின் மைத்துனர். அனந்தபுரத்திலிருந்து வந்த துரைக்கண்ணு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"எங்க ரஞ்சித்து செத்து ஆறு மாசம் ஆவுது. இன்னும் பறந்துனுதான் கீறாரு."

மூட்டைகள் அதிரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் செந்தமிழன்தான் முதலில் பேசினான். ஒருவர் போய்ச் சொன்னால் கேசு போடுவார்கள். இந்த ஜில்லாவில் மருந்தடிக்கிற அத்தனை பேரும் இப்படித்தான் பறக்கிறோம் என்று எல்லாரும் சேர்ந்து எழுதினால் என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், எல்லாரையும் பிடிக்கவும் செய்யலாம். அவனே உட்கார்ந்து எழுதினான். மெஷினை ஓட்டியது நாங்கள்தான். வக்கில்லாமல்தான் அடுத்தவர் பேரில் ஓட்டினோம். கட்டணத்தைக் குறையுங்கள், பரீட்சையைத் தமிழில் வையுங்கள், விழுப்புரத்திலேயே வையுங்கள், எங்கள் கை பட்ட நேரத்தை எங்களுக்கே எழுதுங்கள்.

படித்து முடித்துவிட்டுப் பேப்பரை மூட்டைமேல் வைத்தான். முதல் கையெழுத்துக்கு யாரும் வரவில்லை. சிலர் டீ குடிக்கிற சாக்கில் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். தமிழினிக்கும் கை எழவில்லை. பாண்டுரங்கன் சொன்னது, அம்மா சொன்னது எல்லாம் கண்முன் வந்து நின்றன. கையெழுத்துப் போட்டால் நாளைக் காலை குட்டியானை அவள் தெருவுக்கு வராது. அது நிச்சயம்.

அப்போது செல்லம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்குப் பரீட்சையும் இல்லை, பதிவும் இல்லை. இந்த விதிகளில் பேட்டரி தூக்குகிறவளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

"நான் ஓட்டல. யாரு ஓட்டுனாங்கன்னு பக்கத்துலயே நின்னு பாத்தவ நானு. அத எழுதிக்கிறியா தம்பி?"

செந்தமிழன் எழுதினான். அவள் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டாள். வேலை போகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தமிழினிக்கு வெட்கமாக இருந்தது, பயம் மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பயத்தோடேயே குனிந்து, செல்லம்மாள் பேருக்குக் கீழே தன் பேரை எழுதினாள்.

"ஏம்மா, இத வச்சே கேசு போட்டாங்கன்னா?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"போடட்டும்ணா. கேசுன்னாலும் எம் பேரச் சொல்லித்தான கூப்டுவாங்க."

துரைக்கண்ணு பேனாவுக்குக் கையை நீட்டினார். வாசல் பக்கம் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள்.