ஓட்டு இல்லாதவங்க கொஞ்சம் வெளியில

எங்க பல்கலைக்கழகத்துக் கட்டடப் பொறியியல் துறையில மாசாமாசம் கூட்டம் நடக்கும். பாதியில துறைத் தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பிச்சாலே எங்க கை பைக்குப் போயிடும். அடுத்து சொல்லப் போறது மனப்பாடம். "ஓட்டு இல்லாதவங்க கொஞ்சம் வெளியில இருந்தீங்கன்னா நல்லா இருக்கும்." யாரை வேலைக்கு எடுக்கறது, யாருக்குப் பதவி உயர்வு, இதுக்கெல்லாம் நிரந்தரப் பேராசிரியருங்க மட்டும்தான் கை தூக்கலாம். மத்த ஜனமெல்லாம் வராந்தாவுக்கு.

வராந்தாவுல காபி மெஷின் பக்கத்துல நாங்க நாலு பேர். அக்கா, விரிவுரையாளர். முதல் வருஷப் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் பாடம் எடுக்கறது அவங்கதான், ஆனா வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சாத்தான் வேலை. அடுத்து சிமெண்ட்னு நாங்க கூப்பிடறவர். ஒரு சிமெண்ட் கம்பெனியில பெரிய இன்ஜினியர், வாரத்துல ஒரு சாயங்காலம் இங்க வந்து பாடம் நடத்திட்டுப் போற பகுதி நேரம். அப்புறம் விருந்தாளி. வருகைப் பேராசிரியர்னு ஒரு வருஷத்துக்கு வந்தவர், நாலு வருஷமா இருக்கார். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க, உங்களுக்கு மட்டும் யாருங்க நாள் எண்றது?"ன்னு அக்கா அவரைச் சீண்டுவாங்க.

நாலாவது நான். ஆய்வுப் பேராசிரியர். பேரு கேக்க ஜோராத்தான் இருக்கும். அர்த்தம் என்னன்னா, தன் கையே தனக்கு உதவி. ஆராய்ச்சிக்கு நிதி நானே தேடிக் கொண்டாரணும், என் சம்பளமும் அதுலேர்ந்துதான். நிதி நின்னா நானும் வீட்டுக்கு. கான்கிரீட்டுக்குள்ள கம்பி எப்படித் துருப்பிடிக்குதுன்னு பாக்கறது என் வேலை. கீழ்த்தளத்துல உப்புத் தண்ணித் தொட்டியில எட்டு வருஷமா கான்கிரீட் கட்டைங்களை ஊற வெச்சிருக்கேன். அதனால எனக்கு இங்க பேரே துரு மேடம்.

என் வீட்டுக்காரர்? அவர் உள்ளே. பாலம் ஏன் ஆடுதுன்னு கண்டுபிடிக்கற நிரந்தரப் பேராசிரியர். ஒரே வீட்டுலேர்ந்து ஒரே வண்டியில வருவோம், கண்ணாடியைத் துடைச்சதும் நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

இப்படிப் போயிட்டிருந்தப்ப வேற ஒரு பல்கலைக்கழகம் இவரை வேலைக்குக் கூப்பிட்டுச்சு. துறைக்கு அல்லு விட்டுப் போச்சு. தலைவர் என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார், அப்பவே எனக்குச் சந்தேகம்.

"மேடம், நல்ல சேதி. உங்க வீட்டுக்காரருக்குச் சிறப்புப் பேராசிரியர் பதவி தரலாம்னு இருக்கோம். உங்களுக்கும் ஒரு நிரந்தர இடம் ஏற்பாடு பண்ணிட்டேன். விளம்பரம் கிடையாது, உரை கிடையாது, ஓட்டு கிடையாது. வந்து உக்கார வேண்டியதுதான்."

"நான் மூணு தடவை கேட்டேனே சார், இடமே இல்லைன்னீங்க. இத்தனை நாள் எங்க இருந்துச்சு இது?"

"அது வந்து... அவர் போயிடக் கூடாது இல்லையா?"

"அப்ப நான் இலவச இணைப்பு!"

அவர் கண்ணாடியைக் கழட்டினார். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. "எனக்கு எல்லாரையும் போல நடக்கட்டும் சார். நான் உரை கொடுக்கறேன், கேள்வி கேளுங்க, ஓட்டு போடுங்க"ன்னேன்.

"நல்லா யோசிங்க. ஓட்டுல தோத்தா இந்த ஏற்பாடும் போச்சு. உங்க நிதியும் இந்த வருஷத்தோட முடியுது."

"தெரியும் சார். தேதி சொல்லுங்க."

வீட்டுல இவர் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே குதிச்சார். "பழம் நழுவிப் பால்ல விழுது, நீ கிண்ணத்தைத் தட்டி விடறே! தோத்துட்டா என்ன பண்ணுவே? அந்தத் தொட்டிங்களை முதுகுல கட்டிக்கிட்டா போவே?"

"ஏங்க, நான் தோப்பேன்னு நினைக்கறீங்களா?"

"நீ தோக்க மாட்டே. ஆனா அவங்களை நம்ப முடியாதே!"

"நாளைக்கு ஒருத்தன் என்னைப் பாத்து 'புருஷன் புண்ணியத்துல வந்தவ'ன்னு சொன்னா நீங்க வந்து அவன் வாயை மூடுவீங்களா?"

கையில இருந்த தட்டை அவர் அலசிக் கவுத்து வெச்சார். அப்புறம், "எந்தத் தேதி?"ன்னு கேட்டார்.

அக்காவும் அவங்க பங்குக்குச் சொன்னாங்க, "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்மா." நான் சொன்னேன், "இந்த மாடு தானம் இல்லக்கா. வந்து பல்லை நல்லாப் பிடிச்சுப் பாக்கட்டும். எல்லாம் கெட்டியாத்தான் இருக்கு."

உரை அன்னிக்கு அரங்கம் நிறைஞ்சிருந்துச்சு. தொட்டியிலேர்ந்து ஒரு கட்டையை எடுத்து, பாதியா அறுத்துக் கொண்டு போயிருந்தேன். எட்டு வருஷம் ஊறின கட்டை, மேல விரிசலே இல்ல, உள்ளே கம்பியைத் துரு பாதி தின்னுட்டிருந்துச்சு. அதைக் கை மாத்திக் கை மாத்தி எல்லாரும் பாக்கக் கொடுத்தேன். வெளியில நல்லா இருக்கற கட்டடம் எப்ப உள்ளே கெடும்னு முன்கூட்டிச் சொல்ற என் கணக்கை விளக்கினேன். குரல் நடுங்கலை. எப்படி நடுங்கும்? இந்த உலகத்துல அந்தக் கட்டைங்களை என்னை விட நல்லாத் தெரிஞ்ச ஆள் கிடையாது.

முடிச்சதும் ஊசி எழுந்தார். மூத்த பேராசிரியர், யாரையும் குத்தாம விட்டதில்ல. "நல்ல வேலை. ஆனா இதுல உங்க பங்கு எவ்வளவு, உங்க வீட்டுக்காரர் பங்கு எவ்வளவு? ஒரு கட்டுரையில ரெண்டு பேர் பேரும் இருக்கே!"

அரங்கமே பின்னால திரும்பிப் பாத்துச்சு. கடைசி வரிசையில இவர் முகம் செவந்து போச்சு.

"அவர் அங்கதான் சார் உக்காந்திருக்கார். துருவைப் பத்தி ஏதாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன்."

ஊசி விடுவாரா? கேட்டார். உப்பு உள்ளே இறங்கற வேகத்தைப் பத்தி, ரெண்டாம் வருஷப் பிள்ளைக்குத் தெரியற கேள்வி. இவர் எழுந்து நின்னு தலையைச் சொறிஞ்சார். "எனக்குத் தெரியாது சார். அந்தக் கட்டுரையில பாலம் ஆடற பகுதி மட்டும்தான் என்னுது. மத்ததெல்லாம் நானே வீட்டுல கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவேன்."

கூரை பறக்கற மாதிரி ஒரு சிரிப்பு. ஊசியும் சிரிச்சுட்டார். கேள்விக்குப் பதிலை நான் சொன்னேன். அதுக்கப்புறம் அவர் கேட்ட நாலு கேள்வியும் துருவைப் பத்தி மட்டும்தான்.

சாயங்காலம் ஓட்டு. வேட்பாளர் வீட்டுக்குப் போயிடணும்னு சொல்வாங்க. எனக்குக் கால் வராந்தாவுக்குத்தான் போச்சு. அங்க பாத்தா இவர்! மனைவி விஷயம்னு அவரையும் வெளியில அனுப்பிட்டாங்க. காபி மெஷினோட மல்லு கட்டிக்கிட்டிருந்தார். நான் மெஷினோட இடது பக்கம் ஓங்கி ஒண்ணு வெச்சேன், காபி வந்துச்சு.

"எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷ அனுபவம்."

அவர் காபியைக் குடிக்காம கையிலேயே வெச்சிருந்தார். "இங்கே இவ்வளவு நேரம் ஆகுமா? உள்ளே இருந்தா தெரியறதே இல்ல"ன்னார். அந்த ஒரு பேச்சுக்கு என் மனசு இளகிப் போச்சு. கதவு திறந்துச்சு. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டே வந்தார். "ஒரே ஒரு ஓட்டுதான் எதிர்ல. வாழ்த்துகள் பேராசிரியரே!" பின்னாலேயே ஊசி வந்து என் காதுல, "அது நான் இல்ல, சந்தேகப்படாதம்மா"ன்னுட்டுப் போனார்.

பல்கலைக்கழக மேலிடம் ஒப்புக்கிட்டு, புது வருஷ வகுப்புங்க ஆரம்பிச்சு, முதல் கூட்டம். ஜன்னல் பக்கம் உக்காந்தேன். பாதியில தலைவர் கண்ணாடியைக் கழட்டினார். பழக்க தோஷம், என் கை பைக்குப் போச்சு. அக்கா போற போக்குல என் தோளை ஒரு அழுத்து அழுத்தி உக்கார வெச்சுட்டுப் போனாங்க. சிமெண்ட் கண்ணடிச்சார். கதவு மூடற சத்தத்தை முதல் தடவையா உள்ளேர்ந்து கேட்டேன். நெஞ்சு நிறைஞ்சுது.

"முதல் விஷயம்"னு தலைவர் ஆரம்பிச்சார். "நம்ம பாலத்துக்காரருக்குச் சிறப்புப் பேராசிரியர் பதவி."

தன்னைப் பத்தின பேச்சுன்னு இவர் எழுந்தார். தலைவர் இருமினார், என்னைப் பாத்தார், திரும்ப இருமினார். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. கணவர் விஷயத்துல மனைவி ஓட்டு போடக் கூடாது. உக்காரவும் கூடாது. விதி."

எல்லாரும் என் மூஞ்சியையே பாத்தாங்க. துரு மேடம் இப்ப வெடிப்பாங்கன்னு காத்திருந்தாங்க. முன்னாடி இவருக்கு ரெண்டு தடவை பதவி உயர்வு வந்தப்பவும் நான் வராந்தாவுலதான் நின்னேன். அப்ப யாரும் தப்பா நினைச்சுக்காதீங்கன்னு சொல்லலை. ஓட்டில்லாத என் கையைப் பாத்து அன்னிக்கு யாரும் பயப்படலை.

"சந்தோஷமாப் போறேன் சார்"னு எழுந்தேன். "ஆனா ரெண்டாவது விஷயம் அக்காவுக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம் தர்றது. நான் வராம அதை எடுக்காதீங்க. அதுக்கு என் கை வேணும்."

"சரி மேடம்"னார் தலைவர். கண்ணாடியை மாட்டிக்கிட்டார்.

வராந்தாவுல அக்கா பதறி ஓடி வந்தாங்க. "என்னம்மா, அதுக்குள்ள துரத்திட்டாங்களா?"

"ஆமாக்கா. ஓட்டு இருக்குன்னு துரத்திட்டாங்க!"