மூன்றாவது கம்ப்யூட்டர்

"குனியாதீங்க, உள்ளே விழுந்துடுவீங்க!"

எம்ப்ராய்டரிக் கடைக்காரி சொல்லி முடிப்பதற்குள் அவள் கணவர் இடுப்பு வரை சாக்குக்குள் போயிருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்களும் ஒரு செருப்பும்தான். பழைய பேப்பர் கடைக்காரர் தராசில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"சார் எதைத் தேடறார்?"

"ஒரு மஞ்சள் அட்டை. உள்ளங்கை அகலம். அதுல இருபத்தஞ்சு எழுத்து இருக்கும்."

"போன வாரம் போட்டதாம்மா? அதெல்லாம் நேத்தே லாரி ஏறிடுச்சே!"

சாக்குக்குள் அசைவு நின்றது.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றது சாக்கு.

"நீங்க எங்க சார் கேட்டீங்க? வந்தீங்க, குதிச்சீங்க."

கடைக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். பஸ் கம்பெனி டிரைவர்களின் மேல்சட்டையில் சின்னம் தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அவள் கொடுத்த மாதிரியில் இருக்கும் சக்கரத்தை மாற்றித் தைத்துக் காட்டினால் எல்லா டெப்போ வேலையும் அவளுக்கே. இன்று மாலை ஐந்து மணிக்கு மேனேஜர் நேரில் வருகிறார்.

நேற்று மத்தியானம் கடைக் கம்ப்யூட்டர் கருகிய வாடையோடு உயிரை விட்டது. காலையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, டிசைன் போடும் சாஃப்ட்வேரை ஏற்றினாள். அது சமர்த்தாகத் திறந்துகொண்டு, 'கீயைக் கொடு' என்று கேட்டது. அந்த இருபத்தைந்து எழுத்துக் கீ இருந்தது மஞ்சள் அட்டையில். அட்டை இருந்தது ஒரு பெட்டியில். அந்தப் பெட்டியைத்தான் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கணவர் எடைக்குப் போட்டிருந்தார். டிசைன் எல்லாம் பத்திரமாகப் பென்டிரைவில் இருந்தது. ஆனால் கீ இல்லாமல் அதைத் திறக்கவும் முடியாது, சக்கரத்தைத் தொடவும் முடியாது.

"பெட்டி காலியாத்தானே இருந்துச்சு…" என்றார் கணவர், சாக்கிலிருந்து முளைத்து.

"பேசாதீங்க."

தெருவில் நடந்தபடியே சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டாள். பழைய டிசைன் பிரிண்ட்டின் அடியில் இருந்த பதிவு எண்ணைச் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெண். குரலில் அவசரமே இல்லை.

"கீ தொலைஞ்சா பயப்பட வேண்டாம்மா. உங்ககிட்ட இருந்த அட்டை வெறும் நகல் மாதிரிதான். அசல் எங்ககிட்ட பதிவா இருக்கு. வாங்கினப்போ கொடுத்த ஈமெயிலைச் சொல்லுங்க, அனுப்பிடறேன்."

கடையின் ஈமெயிலைச் சொன்னாள்.

"இது இல்லையேம்மா."

கணவரின் ஈமெயிலைச் சொன்னாள்.

"இதுவும் இல்ல."

"அப்போ யாரோடது?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா. கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிட்டா அப்புறம் கீ எதுக்கு? இன்னொரு விஷயம். கீ கிடைச்சாலும் இப்ப வேலை செய்யாது. ஒரு கீக்கு ரெண்டு கம்ப்யூட்டர்தான். ரெண்டு இடமும் நிரம்பியிருக்கு. ஒண்ணு நேத்து மத்தியானத்தோட நின்னுடுச்சு."

"அது என்னோடது. போயிடுச்சு."

"இன்னொண்ணை இன்னைக்குக் காலையில திறந்திருக்காங்க."

கடைக்காரி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து, திட்டி, சுற்றிக்கொண்டு போனார்.

"இன்னைக்கு மட்டுமா?"

"தினமும் காலையில. ஆனா சில நிமிஷம்தான்."

"என் பழைய கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் புதுசுக்கு இடம் கொடுங்களேன்!"

"நாங்க எடுக்கணும்னா விசாரிச்சுத்தான் எடுப்போம், ரெண்டு நாள் ஆகும். பதிவு பண்ணினவங்க எடுத்தா ஒரே க்ளிக்தாம்மா."

போனை வைத்தாள். கணவர் தலையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கோடு அவளையே பார்த்தார்.

"யாரோ நம்ம கீயைத் திருடிட்டாங்க! போலீஸுக்குப் போவோம்."

"போலீஸ் வேண்டாம். பக்கத்துத் தெரு மாடிப்படி ஏறினா போதும். என் கம்ப்யூட்டர் நாற்காலியில என்னைத் தவிர உட்கார்ந்தது ஒரே ஆள்தான்."

கணவருக்கு முகம் மாறியது. "புயலா?"

புயல் என்பது அவருடைய தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர். அண்ணியும் நாத்தனாருமாகச் சேர்ந்து ஆரம்பித்த கடைதான் அது. போர்டில் யார் பெயர் முதலில் என்று தொடங்கிய வாக்குவாதம் நூல் அலமாரி, சுவர் வண்ணம் என்று வளர்ந்து, போன வருடம் புயல் பக்கத்துத் தெருவில் கரையைக் கடந்து தனிக் கடை போட்டது. அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் 'சாப்பிட்டாச்சா', 'ஆச்சு', எப்போதாவது ஒரு குத்தல், அவ்வளவுதான்.

"என் தங்கச்சி பேனா கடன் வாங்கினாகூட மூடியோட திருப்பித் தர்றவ."

"மூடியைத் தந்துட்டா. பேனாவை வச்சுக்கிட்டா. நடங்க."

மாடியில் புயல் கழுத்தில் டேப்போடு கதவருகே நின்றிருந்தாள்.

"வாங்க அண்ணி. அண்ணா, தலையில என்னது?"

"குப்பை. சாக்குல விழுந்துட்டேன்."

"நல்லவேளை, எடைக்குப் போடாம விட்டாங்களே."

கடைக்காரி சுற்றி வளைக்கவில்லை. "பழைய கீ உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு." புயல் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "என் ஈமெயில்லதான் பதிவு. வாங்கின அன்னைக்கு நீங்க நூல் எடுக்கப் போயிருந்தீங்க. அது ஈமெயில் கேட்டுச்சு, கொடுத்தேன்."

"அப்படின்னா நீ போன பிறகு இத்தனை நாளா நான்…"

"என் தயவுலதான் தைச்சீங்க. ஒரு க்ளிக் பண்ணியிருந்தா அன்னைக்கே உங்க ஊசி நின்னிருக்கும்."

"ஏன் பண்ணல?"

"பண்ணியிருப்பேன். என் டிரஸ்ஸைப் பார்த்து 'ஜன்னல்ல தொங்கின திரையை எடுத்து உடுத்திட்டியா'ன்னு கேட்டீங்களே, அன்னைக்கு விரலை வச்சுட்டு எடுத்துட்டேன்."

"நான் ஒண்ணும் கேட்கலையே," என்றார் கணவர்.

"நீங்க சிரிச்சீங்க அண்ணா."

கடைக்காரி நடந்ததையெல்லாம் சொன்னாள். பஸ் கம்பெனி என்றதும் புயலின் சிரிப்பு நின்றது.

"அந்த வேலைக்கு நானும் மாதிரி கொடுத்திருந்தேன்."

கடைக்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். புயல் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். ஐந்து மணிக்கு மேனேஜர் உதட்டைப் பிதுக்கிவிட்டு நேராக இந்தப் படிகளில்தான் ஏறுவார்.

புயல் அலமாரியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். திரையில் இரண்டு கம்ப்யூட்டர் பெயர்கள். கீழே இருந்த, கருகிப்போன கம்ப்யூட்டரின் பெயரைத் தட்டினாள். 'நீக்கலாமா?' என்று கேட்டது.

விரல் அப்படியே நின்றது.

"கெஞ்சுங்க அண்ணி."

"உதைப்பேன்."

"அதுவும் சரிதான்," என்று தட்டிவிட்டு, தன் ஈமெயிலில் இருந்த கீயையும் அனுப்பினாள். கடைக்காரியின் போன் சிணுங்கியது. இருபத்தைந்து எழுத்துகளும் வந்து சேர்ந்திருந்தன.

அதன் பிறகு எல்லாமே ஓட்டம். கணவர் வாசிக்க, அவள் தட்ட, புதுக் கம்ப்யூட்டர் இந்த முறை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. சக்கரம் மாறியது, ஃப்ரேமில் துணி இறுகியது, ஊசி இறங்கியது. கடைசி நூலை அவள் நறுக்கும்போது வாசலில் மேனேஜரின் கார். அவர் சின்னத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். திருப்பிப் போட்டு அடிப்பக்கத் தையலைப் பார்த்தார்.

"எல்லா டெப்போவும் உங்களுக்குத்தான். தனியா சமாளிச்சுடுவீங்களா?"

"தனியா எதுக்கு சார்?" என்றாள் கடைக்காரி.

அவர் போனதும் மறுபடி மாடிப்படி ஏறினாள். இந்த முறை நிதானமாக.

"பாதி வேலை உனக்கு."

"சக்கரம் நான்தான் தைப்பேன். உங்க சக்கரம் முட்டை மாதிரி இருக்கும்."

"சரி, தைச்சுக்கோ." கடைக்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தாள். அது வேறு கம்பெனியின் சாஃப்ட்வேர். பழைய கீக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"ஏண்டி, நீ வேலை செய்யறது இதுலதானே? அப்புறம் பழசை எதுக்குத் தினமும் திறக்கறே?"

புயல் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"திறந்தா உங்க கம்ப்யூட்டர் பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி வரும். அண்ணி கடைக்கு வந்தாச்சு, கையும் காலும் நல்லா இருக்குன்னு அர்த்தம். பார்த்துட்டு மூடிடுவேன். இன்னைக்குக் காலையில புள்ளி வரலை, மத்தியானம் வரைக்கும் பார்த்தேன், அப்பவும் வரலை. நீங்க படியேறி வந்தப்போ நான் கடையைப் பூட்டிட்டு உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டிருந்தேன்."