புதுக் காகிதத்தில் வந்த பழைய தேயிலை

அந்த மனுஷன் பையிலிருந்து தேயிலை வில்லையை எடுத்து மேஜையில் வைத்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருபது வருஷப் பழசு, மோக் அண்ணே" என்றார் வெங்.

இருபது வருஷச் சரக்குக்கு நேற்று வாங்கின சட்டையா? சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு பூச்சி அரித்த ஓட்டைகூட இல்லை!

குவாங்சோ சந்தையில் முப்பது வருஷமாக, வைக்க வைக்க விலை ஏறும் பழைய தேயிலை விற்கிறவன் நான். ஈரக் கிடங்கில் போட்டு இரண்டே வருஷத்தில் கிழடாக்கிய திருட்டுச் சரக்கு எத்தனை பார்த்திருப்பேன். இந்த வெங் ஹாங்சோ மலையில் பச்சைத் தேயிலை பயிரிடுகிறவர். அது மழைக்கு முந்திக் கிள்ளினால் வறுத்த பயறுபோல மணக்கும், அடுத்த வருஷம் வைக்கோல். அவருக்குப் பழசைப் பற்றி என்ன தெரியும்?

அவர் பையன் ஹாவுக்கு என் மகள் பிக்யிங்கைக் கேட்டு வந்திருந்தார்கள். பெண் கேட்டுக் கொண்டுவரும் தேயிலையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தால் பெண் கிடையாது. பிரித்துக் குடித்தால் கொடுத்த மாதிரி. இதற்கு முன்னால் இரண்டு வீட்டுத் தேயிலையை அப்படியே திருப்பியிருக்கிறேன். பெண்டாட்டி போன பிறகு எனக்கென்று இருப்பது இவள் ஒருத்திதான். அதை வெளியே சொல்ல முடியுமா? சரக்கு சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

"இது போலி" என்றேன்.

"பிரிக்காமலே எப்படிச் சொல்றீங்க?" என்றான் ஹாவ்.

"பிரிச்சுக் காட்டறேன் பாரு. இது சோதனை, சம்மதம் இல்ல."

"நல்ல சரக்கா இருந்தா?" என்றார் வெங்.

"இருந்தா பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போங்கய்யா!"

வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல.

காகிதத்தைப் பிரித்து, வில்லையின் ஓரத்தில் ஊசியை விட்டு ஒரு துண்டை நெம்பி எடுத்தேன். இலையைக் கழுவின முதல் தண்ணீரைக் கொட்டினேன். அடுத்ததை எல்லோருக்கும் ஊற்றினேன். அப்பனும் பிள்ளையும் விருந்தாளி வழக்கப்படி நன்றிக்கு இரண்டு விரலால் மேஜையைத் தட்டினார்கள். பிக்யிங் தட்டவில்லை. வீட்டு ஆள் எதற்குத் தட்ட வேண்டும்?

பூஞ்சை நாற்றம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூன்றாவது கோப்பையில் தொண்டைக்குள் நல்ல பழசுக்கே உரிய கற்பூர மணம் ஏறியது. வெந்த இலையைத் தேய்த்தேன். போலி என்றால் கரிபோல விறைத்து நிற்கும். இது மெத்தென்று விரிந்தது. அதோடு ஒரு பழைய மர வாசம். நான் சரக்கு அடுக்கி வைக்கும் என் மாடி அறையைத் தவிர வேறெங்கும் இல்லாத வாசம்!

"எங்கய்யா திருடினீங்க?" என்று எழுந்துவிட்டேன்.

"உட்காருங்கப்பா" என்றாள் பிக்யிங். "என் ஏழாவது பிறந்தநாளுக்கு நீங்க குடுத்தது. போன வருஷம் ஹாவுக்கு நான் குடுத்தேன். காகிதத்தை மட்டும் மாத்தினேன்."

"எதுக்குடி?"

"பழைய காகிதத்தோட வந்திருந்தா அடையாளம் தெரிஞ்சு தொடாமத் திருப்பியிருப்பீங்க. சந்தேகம் வந்தாத்தானே நீங்க எதையும் பிரிப்பீங்க? இப்பச் சொல்லுங்க. போலியா?"

என் கையால் நான் பத்திரப்படுத்திய சரக்கு. அதைப் போலி என்று நானே எப்படிச் சொல்வேன்?

வெங் காலிக் கோப்பையை நீட்டினார். "இன்னொண்ணு ஊத்துங்க, சம்பந்தி."

ஊற்றினேன். ஹாவுக்கு ஊற்றினேன். கடைசியாக பிக்யிங்குக்கு ஊற்றினேன்.

அவள் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினாள்.