அறுபதில் போனவரின் கை

சந்தியோகுவுக்கு மன்னாரில் இன்னொரு பெயர் இருந்தது: அறுபது. உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு தீவைவிட்டு வெளிக்கிட்டால், முருங்கன் தாண்டும்வரை அவருடைய லொறியில் வேக முள் அறுபதைத் தாண்டாது. லொறிக்கு அறுபது, காருக்கும் வானுக்கும் எழுபது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். வைத்தவன் ஒருநாளாவது உப்பு லொறி ஓட்டியிருக்கமாட்டான். ஒரே றோட்டில் ஒரே பக்கம் போகிற இரண்டு பேருக்கு இரண்டு வேகத்தைக் கொடுத்தால், பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனை முந்தத்தானே பார்ப்பான்? முந்துகிற அந்த அரை நிமிசத்துக்கு யார் பொறுப்பு என்று அவன் எழுதி வைக்கவில்லை.

அந்த அரை நிமிசத்தை லொறிக்காரர்கள் தங்கள் கையால் சமாளித்து வந்தார்கள். பின்னால் வருகிறவனுக்கு லொறி மறைக்கும். முன் றோட்டுத் தெரியாது. எதிரில் ஒன்றும் வரவில்லையென்றால் லொறிக்காரன் வலது கையை வெளியே போட்டு முன்னுக்கு இரண்டு தரம் வீசுவான். பின்னால் வருகிறவன் அதை நம்பி எடுத்துக்கொண்டு போவான். சந்தியோகு ஒருத்தரையும் நம்பாத மனிசன். எண்ணெய் அடிக்கிற இடத்தில் மீற்றரில் வைத்த கண்ணை எடுக்கமாட்டார். ஆனால் அவருடைய கையை ஊரே நம்பியது. முப்பத்தெட்டு வருசம் அந்தக் கை பிழை விடவில்லை. தேத்தண்ணிக் கடையில் அதைச் சொல்லிச் சொல்லியே ஆட்களைச் சலிக்க வைத்துவிட்டார்.

மூன்று கிழமைக்கு முந்தி, காலை ஏழரை மணி. தள்ளாடிச் சந்தியிலிருந்தே ஒரு வெள்ளை வான் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி வந்தது. திருக்கேதீஸ்வரச் சந்தியும் போய்விட்டது, ஹோர்ன் நிற்கவில்லை. வெயில் நேரே முகத்தில் அடித்தது. சந்தியோகு பல்லைக் கடித்துக்கொண்டு பக்கக் கண்ணாடியில் அந்த வானையே பார்த்தார். முன் றோட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலே கையை வெளியே போட்டு இரண்டு தரம் வீசினார்.

வான் வெளியே வந்தது. எதிரில் ஸ்கூட்டியில் ஜூலியட் வந்துகொண்டிருந்தாள், பாலர் பாடசாலை ரீச்சர். வான்காரன் றோட்டைவிட்டு வெளியே வெட்டிப் பார்த்தான். வானின் பின்பக்கம் ஸ்கூட்டியில் பட்டது. வான் பள்ளத்தில் இறங்கிச் சரிந்தது.

சந்தியோகு லொறியை நிற்பாட்டிவிட்டு ஓடினார். ஜூலியட்டின் இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. வந்த ஓட்டோவை மறித்து அவளை ஏற்றி, அந்தக் காலைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

வான் ஓட்டின ஜெகதீபனையும் பின்னால் யாரோ கொண்டுவந்து சேர்த்தார்கள். வலது கை முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் பொலிஸ் சார்ஜன்ட் கேட்டபோது அவன் சொன்னான்: "அண்ணைதான் கை காட்டினவர், சேர். அதை நம்பித்தான் எடுத்தனான்."

"கொண்டுபோய் அடிக்கிற எல்லாரும் இதைத்தானடா சொல்லுறியள்," என்ற சார்ஜன்ட் சந்தியோகுவின் பக்கம் திரும்பினார். "ஐயா, கை காட்டினீங்களோ?"

அந்த ஒரு நொடியில் அவருக்கு லொறி ஓட்டுகிற லைசன் ஞாபகம் வந்தது. சண்டைக் காலத்தில், கேட்டதற்கெல்லாம் உண்மை சொன்னதற்காக ஆமிக்காரர் தன்னை இரண்டு நாள் சென்றிப் பொயின்ரில் இருத்தி வைத்ததும் ஞாபகம் வந்தது.

"இல்லை," என்றார்.

"பாத்தியோ? மனிசன் அறுபதில போற மனிசன்," என்றார் சார்ஜன்ட். வாக்குமூலம் எழுதினார்கள். சந்தியோகு கையெழுத்து வைத்தார். ஜெகதீபன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு கடையில் எல்லாரும் அவரைத்தான் புகழ்ந்தார்கள். "எழுபது எழுபது எண்டு பறந்தவன் பிணையில நிக்கிறான். எங்கட அறுபதைப் பாருங்கோ," என்று கடைக்கார இன்பாஸ் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி வைத்தார். சந்தியோகு காசை வைத்துவிட்டு எழும்பினார். கடைக்குப் போவதை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, தோடம்பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு ஜூலியட்டைப் பார்க்கப் போனார். அவள் மாக்கட்டுப் போட்ட காலைக் கதிரையில் தலகாணி வைத்து நீட்டியிருந்தாள்.

"வாங்கோ மாமா. அறுபதில வந்தபடியாலோ மூண்டு கிழமை எடுத்தது?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பையை மேசையில் வைத்தார். "கால் எப்பிடிப் பிள்ளை?"

"கம்பி வைச்சிருக்கினம். இனிப் பிள்ளையளோட ஓடிப்பிடிச்சு விளையாட ஏலாது. இருந்துகொண்டு பாட்டுச் சொல்லிக் குடுக்கலாம்."

ஏதாவது பேச வேண்டுமே என்று வாயைத் திறந்தார். "அவனும் கண் மண் தெரியாமல்தானே வந்தவன்..."

ஜூலியட் குறுக்கே சொன்னாள்: "நான் உங்கட கையைப் பாத்தனான், மாமா."

"எந்தக் கை?"

"லொறிக்கு வெளியில எத்தினை கை வரும்? முன்னால வந்தவள் நான்தானே. வடிவாத் தெரிஞ்சது. ரெண்டு தரம் வீசினீங்கள்."

வெளியே யாரோ மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பொலிசுக்கு?"

"ஞாபகமில்லை எண்டு சொன்னனான்."

"ஏன் பிள்ளை?"

"ஓட்டோவில என்ர காலை மடியில வைச்சுக்கொண்டு வந்தனீங்கள். ஒவ்வொரு குழியிலயும் நான் கத்த முந்தி நீங்கள் கத்தினீங்கள். அந்த மனிசனைப் போய் எப்பிடிக் காட்டிக்குடுக்கிறது?" அவள் காலைக் கொஞ்சம் நகர்த்தினாள்; முகம் சுருங்கியது. "ஆனால் வியாழக்கிழமை கோட்ஸில வழக்குத் தவணை. பைபிளில கை வைக்கச் சொல்லுவினம். அப்ப நான் என்ன சொல்லுறது? நீங்களே சொல்லுங்கோ."

முறிந்த காலோடு இருக்கிறவள், முறிய வைத்தவனுக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணலாமா என்று அவனிடமே கேட்கிறாள். சந்தியோகுவுக்குக் காது இரண்டும் சுட்டது. திட்டியிருந்தால் திருப்பி இரண்டு சொல்லிவிட்டு எழும்பியிருப்பார். அது அவருக்குப் பழக்கம். அவள் திட்டவில்லை. "உண்மையைச் சொல்லு" என்கிற இரண்டு சொல் வாய்வரை வந்தது. அதைக்கூட அவள் தலையில் போடுவதா என்று விழுங்கிவிட்டு எழும்பினார். அவள் வீட்டார் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது.

திங்களும் செவ்வாயும் லொறி எடுக்கவில்லை. நாரிப்பிடிப்பு, நிமிர ஏலாது என்று வீட்டில் சொன்னார். அதுவும் பொய்.

புதன்கிழமை காலையில் பொலிசுக்குப் போனார். சார்ஜன்ட் கதிரையைக் காட்டினார். "என்ன ஐயா, நாளைக்குத்தானே கோட்ஸ்?"

"அண்டைக்கு எழுதினதை மாத்த வேணும்."

"ஏன்? எல்லாம் வடிவா எழுதி முடிச்சாச்சு. நீங்கள் அறுபதில, உங்கட பக்கத்தில. உங்களில ஒரு பிழையும் இல்லை."

"அறுபதில போனது லொறி. றோட்டைப் பாக்காமல் கை காட்டினது நான்."

சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார். "அண்டைக்கு இல்லையெண்டனீங்கள்?"

"பொய் சொன்னனான்."

"ஏன்?"

வரும் வழியெல்லாம் அதற்கு மறுமொழி அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். வெயில், ஹோர்ன், சென்றிப் பொயின்ற், எழுபதும் அறுபதும் வைத்த சட்டம். அந்த மேசைக்கு முன்னால் ஒன்றும் எடுபடாது போலிருந்தது.

"பயம்," என்றார்.

"ஐயா, இது உங்கட லைசனில கை வைக்கும். பொய் வாக்குமூலத்துக்கு வேற வழக்கும் வரலாம். யோசிச்சீங்களோ?"

"எழுதுங்கோ."

எழுதி வாசித்துக் காட்டினார்கள். 'வீதியை அவதானிக்காமல்' என்று வந்த இடத்தில் அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்ததும், "சரிதான்," என்று கையெழுத்து வைத்தார். பெயரில் கடைசி எழுத்து கோட்டைவிட்டு இறங்கிப் போனது.

வெளியே சுவரோர மர வாங்கில் ஜெகதீபன் உட்கார்ந்திருந்தான். பிணையில் விட்டதற்குப் புதன்தோறும் வந்து ஒப்பம் வைக்க வேண்டும். வலது கை கழுத்தில் தொங்கியது. இடது கையால் எழுதிப் பழகியிருப்பான்.

சந்தியோகு அவனுக்கு முன்னால் போய் நின்றார். "சொல்லிப்போட்டன் தம்பி. நான்தான் கை காட்டினது எண்டு சொல்லிப்போட்டன்."

அவன் ஏசுவான் என்று காத்து நின்றார். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"வீட்டில என்ர மனிசியே என்னை நம்பேல்ல, அண்ணை," என்றான். "'அறுபது பொய் சொல்லமாட்டார். நீதான் சொல்லுறாய்' எண்டவள்."

உள்ளே அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பி, அவரைத் தொடாமல் விலகிப் போனான். சந்தியோகு வலது கையைச் சேட்டுப் பைக்குள் வைக்கப் பார்த்தார். பை சின்னது, கை அதற்குள் போகவில்லை.