புயல் நாளின் எண்ணிக்கை

கணவர் இறந்த மூன்றாவது வாரம் வேலைக்குப் போனேன். தேநீர் குடித்தேன். யார் யாரோ கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள், சரி சரி என்றேன். அழுகை மட்டும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார் நினைத்திருப்பாள். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

என் வேலை மியூவான்களை எண்ணுவது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேலே காற்றில் மோதிச் சிதறும்போது பிறக்கிற துகள்கள் அவை. கண் சிமிட்டும் நேரம்கூட ஆயுள் கிடையாது. அதற்குள் நம் கூரை, தலை, கட்டில் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஓடிவிடும். காற்று கனத்திருந்தால் கொஞ்சம் குறைவாக வந்து சேரும், லேசாக இருந்தால் கூடுதலாக. அதனால் எண்ணிக்கையிலிருந்து காற்றழுத்தத்தின் கைவரிசையை நீக்கியாக வேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கும் என் கணவருக்கு இதில் தீராத சிரிப்பு. "கண்ணுக்கே தெரியாததை எண்ணுறதுக்குச் சம்பளம். நல்லா இருக்குடி உன் பொழப்பு" என்பார்.

அவர் இதயம் நின்றது ஒரு புயல் நாளில். அன்று எங்கள் அழுத்தமானியின் இணைப்பும் அறுந்திருந்தது. வேலைக்குத் திரும்பியதும் வானிலை அலுவலகத்தில் அளவை வாங்கி, அந்த ஒரு நாளுக்கு மட்டும் திருத்தத்தைக் கையால் போட்டேன். திரையில் கோடு விர்ரென்று ஏறி நின்றது. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அன்றைக்கு வானத்துக்கும் ஏதோ ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். நான் அப்படி நினைக்கிறவளே இல்லை. ஆனாலும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கருவியைப் பராமரிக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். சட்டென்று கோபம் வருகிறவர், அதனால் எல்லோருக்கும் அவர் ஃபியூஸ். அன்று கோபம் வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"அக்கா, கருவி நல்லாத்தான் இருக்கு. புயல்ல அழுத்தம் இறங்கினா எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். நீங்க கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கீங்க."

பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற தப்பு.

"இன்னைக்கு அப்படியே இருக்கட்டும். நாளைக்கு மாத்திக்கலாம்" என்றார்.

வேண்டாம் என்றேன். என் கணவர் இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றினேன். கோடு இறங்கி, முந்தைய நாட்களோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆகியிருக்கிறது.

அடுத்த நாளின் கோப்பைத் திறந்தேன். அவர் இல்லாத முதல் நாள். அதிலும் கோடு நேராகத்தான் போனது. எனக்கு அழுகை வந்தது.